தங்குமிடமும் தன் வீடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உயர்கல்வியும் வேலைவாய்ப்பும் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். அப்பொருள் பற்றிப் பேச நம்மினும் தகுதியுடையோர் இம்மேடையில் மூவர் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் அவர்களது இசைவு பெற்று வேறொன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். பெற்றோர் இல்லாமலும், இருந்தும் வளர்க்க இயலாமலும் போன நம் பிள்ளைகளுக்கு நிலையான வீடு தேடித் தருவது பற்றியதே அது. கல்விக் கழகத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக் கூடும். தொடர்பை முதலில் சொல்லி விடுகின்றோம்.

நம் பள்ளிக்கு அருகில் ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்று இருப்பதை அனைவரும் அறிவீர்கள். ஆண்டு இறுதித் தேர்வு முடியும் நாளன்று பிற்பகலில் விடுதி வாயிலில் திருவிழாக் கூட்டம் போலப் பெற்றோர் கூடுவர். டிரங்குப் பெட்டி, பாய், வாளி, தட்டு எல்லாவற்றையும் பிள்ளைகள் வெளியே கொண்டு வந்து வைப்பர். அந்த ஆரவாரத்தில் ஒரு பிள்ளை மட்டும் மூட்டை கட்டாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும். விடுதி ஒரு மாதத்திற்கு மேல் பூட்டப்படும். அந்தப் பிள்ளைக்குப் போக இடமில்லை. அன்று மாலை காப்பாளர் நம்மிடம் வந்து, "ஐயா, இவனை என்ன செய்வது?" என்று கேட்பார். ஆசிரியப் பணியில் முப்பதாண்டுகளை நெருங்கிக் கொண்டிருக்கின்றோம். இக்கேள்வி வராத ஆண்டுகள் மிகச் சிலவே. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது வராமற் போகும் பிள்ளைகளில் இத்தகையோர் பலர். இடைநிற்றல் என்று பதிவேட்டில் எழுதுகின்றோம். உண்மையில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நிற்கவில்லை. கோடை விடுமுறையில் தங்க ஓர் இடம் இல்லாமற் போயிற்று.

நம் மக்களிடம் இரக்கம் இல்லை என்று நாம் கூற வரவில்லை. தாயற்ற பிள்ளைக்குக் கூழ் ஊற்றாத தெரு நம் தெருக்களில் இல்லை. பாட்டி வளர்த்த பிள்ளை, அத்தை வளர்த்த பிள்ளை, பெரியம்மா வீட்டில் நின்று படித்த பிள்ளை என இந்த அவையிலேயே எண்ணிப் பார்த்தால் பாதிப்பேர் தேறுவர். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ஏறத்தாழ ஆறு வயதில் தம் தாயார் பீமாபாயை இழந்தவர். உடல் நலிவுற்ற அத்தை மீராபாய்தாம் அந்த வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த அத்தையின் மடி இல்லாதிருப்பின் வரலாறு எவ்வாறு சென்றிருக்கும் என்பதை யார் அறிவார்! உறவினர் வளர்ப்பு என்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் அது போதுமானதாக இருந்ததா என்பதே நாம் எழுப்பும் வினா. இதற்கு விடையாக நம் சொந்த வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமைக்குரிய செய்தியன்று அது.

1999ஆம் ஆண்டு. நாம் அப்போது இளம் ஆசிரியர். வேறொரு மாவட்டத்தில் பணி. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன்; மூன்றாம் வகுப்பில் அவன் தங்கை. தாய் நோயுற்று இறந்தார். கொத்து வேலைக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. சில மாதங்கள் பாட்டி பார்த்துக்கொண்டார். பிறகு அவரும் படுத்த படுக்கையானார். தெருப் பெரியவர்கள் கூடினர். நாளுக்கு ஒரு வீடாகப் பதினொரு வீடுகள் அவ்விரு பிள்ளைகளுக்கும் உணவளிப்பது என முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம். மறுநாள் வகுப்பில் அதை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூடச் சொன்னோம்.

உணவு தவறாமல் கிடைத்தது. ஆனால் எந்த வீட்டிலும் அவர்களுக்கென்று பாய் விரிக்கப்படவில்லை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கு முறை யாருடையதோ அவர்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மறுநாள் முறை மாறும். மருந்துச் சீட்டு முந்தைய வீட்டில் கிடக்கும். அச்சிறுமி நோட்டுப் புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டோம். "எந்த வீட்ல வெச்சா திரும்பக் கெடைக்கும்னு தெரியல சார்" என்றாள். பதினொரு வீடுகள் இருந்தும் ஒரு புத்தகப் பை வைக்க இடமில்லை என்பதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, தந்தை வழியில் உறவு என்று சொல்லி ஒருவர் வந்தார். பையனைத் தாம் படிக்க வைப்பதாகக் கூறினார். தெருவினர் பாரம் இறங்கியது போல் மகிழ்ந்தனர். மாற்றுச் சான்றிதழ் கேட்டார். தலைமையாசிரியர் கையொப்பமிட்டார். சான்றிதழை எழுதி நிரப்பியவர் நாம். வந்தவர் எந்த ஊர், எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகின்றார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் பிள்ளையை அவர் அழைத்துச் செல்லவில்லை. அவளை மாவட்டத் தலைநகரில் இருந்த ஓர் இல்லத்தில் சேர்த்தனர். அண்ணன் தங்கை பிரிந்தது அன்றுதான். அந்தப் பையன் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவில்லை என்பதும், முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையில் விடப்பட்டான் என்பதும் பின்னாளில் தெரிய வந்தன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. நாமோ ஒரு பிள்ளையைக் கையில் காகிதம் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

2009இல் அந்தப் பெண் பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியே வந்தாள். நேரே பழைய பள்ளிக்கு வந்தாள். நாம் அதே ஒன்றியத்தில் இருந்ததால் நம்மைத் தேடி வந்தாள். செவிலியர் படிப்பிற்கான விண்ணப்பம் கையில் இருந்தது. சாதிச் சான்றிதழ் இல்லை. தந்தையின் சான்று கொண்டு வா என்றது அலுவலகம். தந்தை எங்கே? நல்லவேளையாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தாய் தந்தை பெயரும் சாதியும் ஊரும் தெளிவாகப் பதியப்பட்டிருந்தன. அந்த ஒரு வரியைக் கொண்டு மூன்று மாதம் அலைந்து சான்றிதழ் பெற்றோம். விண்ணப்பத்தில் நிலையான முகவரி என்று ஒரு கட்டம் உண்டல்லவா? அதில் என்ன எழுதுவது என்று அவள் நம்மிடம் கேட்டாள். பள்ளியின் முகவரியை எழுதச் சொன்னோம். பத்தாண்டுகள் அவளுக்கு உணவும் உடையும் படிப்பும் கிடைத்திருந்தன, முகவரி கிடைக்கவில்லை.

இப்பேச்சின் உயிர்நாடி இதுதான். தங்குமிடம் வேறு, தன் வீடு வேறு. இல்லங்களை நாம் பழிக்கவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, நம் பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி செய்யாதிருந்தால் இன்று இந்த மேடையில் பட்டதாரிகள் இத்தனைபேர் இருந்திருக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின் நாகப்பட்டினத்தில் திறக்கப்பட்ட அன்னை சத்யா அரசுக் குழந்தைகள் இல்லம் எத்தனையோ பிள்ளைகளைக் கரை சேர்த்தது. பேரிடர் நேரத்தில் இல்லம் வேண்டும். ஆயினும் ஒரு காப்பாளர் மாற்றலாகிப் போவார், மற்றொருவர் வருவார். பதினெட்டு வயது ஆனதும் கதவு திறந்து விடப்படும். பிற்காப்பு என்ற பெயரில் சட்டம் இருபத்தொன்று வயது வரை உதவி செய்ய இடம் தருகின்றது, அது நல்லதே. எனினும் பொங்கலுக்கு எங்கே போவது, பிள்ளைப்பேற்றுக்கு யார் வீட்டிற்குச் செல்வது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்க இயலாது.

சட்டம் என்ன கூறுகின்றது என்பதை இளைஞர்கள் அறிந்து கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்துள்ளது. முதல் வழி, பெற்ற குடும்பத்திலேயே பிள்ளையை இருக்கச் செய்தல். இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் தாய் தந்தை இருவரையும் இழந்தவர் அல்லர் என்பதை நீங்கள் அறிந்தால் வியப்பீர்கள். வறுமையாலும், கைம்மையாலும், தந்தையின் குடியாலும் அங்கு வந்தவர்கள் அவர்கள். ஒரு தாய் மாதம் நாலாயிரம் ரூபாய் இல்லாமையால் பிள்ளையை இல்லத்தில் விடுகின்றாள் என்றால், அந்த நாலாயிரத்தை அவள் கையில் கொடுப்பதே அறிவுடைமை. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் நிதி ஆதரவு என்று கொடுக்கப்படும் தொகை மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக்கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. இவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கக் கூட ஆளில்லாத பாட்டிகள் நம் குடியிருப்புகளில் இருக்கின்றனர். பட்டம் பெற்ற இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

பெற்ற குடும்பம் இயலாதபோது உறவினர். இங்கேதான் நம் பழக்கமும் சட்டமும் மோதிக்கொள்கின்றன. நம்மவர் வாய்ச்சொல்லில் பிள்ளையைக் கொடுப்பர், வாய்ச்சொல்லில் பெறுவர். வளர்த்தவர் உயிரோடு இருக்கும் வரை சிக்கல் இல்லை. அவர் கண்ணை மூடியதும், "நீ யார் இந்த வீட்டிற்கு?" என்று பங்காளிகள் கேட்பர். இருபது ஆண்டுகள் "அப்பா" என்று அழைத்தவன் இரண்டு சென்ட் மனைக்கு உரிமையில்லாமல் தெருவில் நின்றதை நாமே கண்டிருக்கின்றோம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி முறையாகத் தத்து எடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகள் உண்டு. அத்தத்தினைப் பின்னர் நீக்க இயலாது. ஆனால் அச்சட்டத்தில் சில வேலிகள் உள்ளன. பிள்ளைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. வழக்கம் இடம் தந்தால் மட்டுமே விலக்கு. மகன் உள்ளவர் மற்றொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. பௌத்தம் தழுவிய நம் உறவினருக்கு அச்சட்டம் பொருந்தும். கிறித்தவராகிய உறவினருக்குப் பொருந்தாது. அவர்கள் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. அந்த உறவும் பதினெட்டு வயதில் முடிந்துவிடும். ஒரே தெருவில் ஒரே குலத்தில் பிறந்த அண்ணனுக்கு ஒரு சட்டம், கோயில் மாறிய தம்பிக்கு வேறு சட்டம்! இளைஞர் நீதிச் சட்டம் இந்த வேறுபாட்டை நீக்கியது. எம்மதத்தவராயினும் அதன் வழியே தத்தெடுக்கலாம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்திற்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கின்றார். அந்த ஆணையைக் கொண்டு புதிய பெற்றோர் பெயருடன் பிறப்புச் சான்றிதழும் பெறலாம்.

ஒன்றை இங்குக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் உறவினர் என்று சொல்லும்போது சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோரையே சொல்கின்றது. ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து வீட்டு அக்காள், ஊர் முறையில் மாமன் ஆகியோர் அதில் வாரார். அத்தகையோர் எவ்வளவு அன்புடையோராயினும் குழந்தைகள் நலக் குழுவின் வழியேதான் செல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்தோ கைம்பெண்ணிடமிருந்தோ பிள்ளையைக் கைமாற்றிக் கொண்டுவருவது குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. "நல்லதுதானே செய்தோம்" என்று பிறகு புலம்பிப் பயனில்லை. 1999இல் அந்த உறவினரை உரிய அதிகாரிகளின் முன் வரச் செய்யும் வழி நமக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பையன் சூளைக்குப் போயிருக்க மாட்டான் என்பதை நினைக்கும்போது இந்த நடைமுறையைத் தொல்லை என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

உறவினரும் இல்லாதபோது வளர்ப்புப் பராமரிப்பு. பிள்ளையைக் குழுவின் ஆணைப்படி உறவல்லாத ஒரு குடும்பம் தம் வீட்டில் வைத்து வளர்ப்பது இது. குடும்பத்தை ஆய்வு செய்வர். வருமானம், உடல்நலம், காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாம் பார்ப்பர். உடன்பிறந்தோரை இயன்றவரை ஒன்றாக வைக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. இந்த வரியை முதன்முதலில் படித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தோம். வளர்ப்புப் பராமரிப்பு தானாகவே தத்து ஆகிவிடாது. பெற்றோர் திருந்தி வந்தால் பிள்ளை திரும்பிச் செல்லும், செல்லவும் வேண்டும். ஆனால் பெற்றோர் வரவே போவதில்லை என்று தெளிவான பின்னும் பிள்ளையை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு ஆணையில் வைத்திருப்பது நியாயமாகாது. 2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டு நெறிகள், சட்டப்படி தத்துக்குத் தகுதியுடைய பிள்ளையை இரண்டாண்டு வளர்த்த குடும்பமே தத்தெடுக்க இடமளித்துள்ளன. முன்னர் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். மணமாகாத, அல்லது துணையை இழந்த தனி ஒருவரும் இப்போது வளர்ப்புப் பெற்றோராகலாம்.

தத்து வேண்டி நாடு முழுவதும் பல்லாயிரம் தம்பதியர் பதிவு செய்து காத்திருக்கின்றனர். 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த தத்துகள் 4,515. இது அண்மை ஆண்டுகளில் உயர்ந்த எண்ணிக்கை. அவ்வாறாயின் இல்லங்களில் ஏன் பிள்ளைகள் எஞ்சி நிற்கின்றனர்? காத்திருப்போர் கேட்பது கைக்குழந்தை, நோயற்ற குழந்தை, வெளிப்படையாகச் சொல்லாவிடினும் சிவந்த குழந்தை. எஞ்சுவது எட்டு வயதுப் பையன், காது கேளாத சிறுமி, பிரியமாட்டோம் என்று கைகோத்து நிற்கும் மூன்று உடன்பிறப்புகள். எட்டு வயதிற்கு மேற்பட்ட பிள்ளையைத் தத்தெடுக்கத் தம்பதியர் இருவர் வயதும் சேர்த்து 110 வரை இருக்கலாம். தனி ஒருவராயின் 55 வரை இருக்கலாம். அதாவது பேரன் பேத்தி எடுக்கும் வயதில் உள்ளோரும் கேட்கலாம். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீடு வெறிச்சோடிப் போயிற்று என்று நம்மிடம் வருந்திய நண்பர்கள் இருவர் இந்த அவையில் இருக்கின்றனர். பெயர் சொல்லவில்லை, அவர்கள் நம்மைப் பார்ப்பதிலிருந்து தங்களைத்தான் சொல்கின்றோம் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இனிக் கசப்பான ஒன்றைச் சொல்கின்றோம். சினம் கொள்ளாமல் கேட்க வேண்டும்.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் கழக உறுப்பினர் ஒருவரும் அவர் துணைவியாரும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்றனர். அவர் நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். வீடு ஒன்றரை அறை. பெரிய வீடு இல்லையே என்று அஞ்சினார். ஆய்வுக்கு வந்தவர் அளந்தது அறையை அன்று, அந்த வீட்டு மனிதரை. ஆயினும் அச்சிறுமி வந்த முதல் வாரம் நம் உறவினர்களே அந்த அம்மையாரிடம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "எந்தச் சாதிப் புள்ளையோ, என்னவோ?" என்பதுதான். கிணற்றில் நீர் எடுக்க விடாமல், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்து, நம்மைப் பார்த்து உலகம் கேட்ட கேள்வியை, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து நம் வாய் கேட்டது. அந்த அம்மையார் சொன்ன விடை சுருக்கமானது. "பசிச்சா அழுவுது, அடிச்சா அழுவுது. நம்ம சாதிதான் போல" என்றார்.

மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் செய்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோமா? 1863இல் புனே நகரில் தம் வீட்டிலேயே, கருவுற்ற கைம்பெண்கள் மறைவாகப் பிள்ளை பெற்றுச் செல்ல ஓர் இல்லம் திறந்தனர். அவ்வாறு வந்த ஒரு பார்ப்பனக் கைம்பெண்ணின் மகனையே 1874இல் தமக்கு மகனாக ஏற்றனர். யஷ்வந்த் என்று பெயரிட்டு மருத்துவராக்கினர். 1890இல் புலே மறைந்தபோது, தத்துப் பிள்ளைக்கு என்ன உரிமை என்று உறவினர் இறுதிச் சடங்கில் தடை எழுப்பினர். சாவித்திரிபாய் தாமே மண்கலயத்தை ஏந்தி முன்னே நடந்தார். 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது அந்த மகன் நடத்திய மருத்துவ மனைக்கு நோயாளிகளைக் கொண்டு சேர்த்துத்தான் அவ்வம்மையாரும் நோயுற்று மறைந்தார். ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கு உழைத்த அந்த வீட்டில் பிறப்புச் சாதி பார்த்துப் பிள்ளை வளர்க்கப்படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பிறந்த சாதியை மறப்பது வேறு. பிள்ளையின் உரிமைக் காகிதத்தை இழப்பது வேறு. ஆதரவற்ற நிலையில் அங்கீகாரம் பெற்ற இல்லங்களில் சேர்க்கப்பட்ட, பத்து வயதிற்குள் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துள்ளது. பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆதிதிராவிடப் பெற்றோருக்குப் பிறந்து, அதற்கான சான்று எங்கோ ஒரு பள்ளிப் பதிவேட்டில் இருக்க, அதை எடுத்துத் தர ஆளில்லாமையால் தனக்குரிய உதவித்தொகையையும் இடஒதுக்கீட்டையும் இழக்கும் பிள்ளை நம்முடைய பிள்ளை. ஆகவே ஒரு வீட்டில் துக்கம் நிகழ்ந்தால், காரியம் முடிந்தவுடன், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை நகல் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு யாரிடம் ஒப்படைத்தோம் என்று எழுதி வையுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒரு நகல் கொடுங்கள். ஆசிரியர்களே, சேர்க்கைப் பதிவேட்டைக் கவனத்தோடு எழுதுங்கள். அலட்சியமாகக் கிறுக்கும் ஒரு வரி பத்தாண்டு கழித்து ஒருவருக்கு ஒரே ஆவணமாக இருக்கக் கூடும்.

அந்தச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கின்றாள். வந்த புதிதில் உணவைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாளாம். சிறு தவறு செய்தாலும், "என்னைத் திருப்பி அனுப்பிடுவீங்களா?" என்று கேட்பாளாம். வளர்ப்போர் இதனை எதிர்பார்த்தே ஏற்க வேண்டும். பல கை மாறிய பிள்ளை அன்பைச் சோதித்துப் பார்க்கும். பொய் சொல்லும், பொருளை எடுக்கும், காரணமின்றி அழும். நன்றி எதிர்பார்ப்பவர் இப்பணிக்கு வர வேண்டா. வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கும் என்று எண்ணுவோர் இப்பக்கமே திரும்ப வேண்டா. அத்தகையோரைக் குழுவிடம் காட்டிக் கொடுக்க நாமே முன்நிற்போம். பெண் பிள்ளையை ஏற்று, பதினாறு வயதில் தம் மகனுக்கே கட்டிவைக்க எண்ணிய ஒரு வீட்டையும் நாம் அறிவோம். அந்தத் திருமணத்தைத் தடுத்தது அப்பெண்ணின் வகுப்புத் தோழிகள் 1098க்குச் செய்த தொலைபேசி அழைப்பு.

நம் கழகத்துத் தம்பதியர் அச்சிறுமியைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கின்றனர். அவள் தாய் உயிரோடு இருக்கின்றாரா என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. காலம் நீள்கின்றது. ஒவ்வொரு மாதமும் அந்தத் தந்தை தம் பணி முடிந்து, கைகால் கழுவி, வெள்ளைச் சட்டை அணிந்து, அலுவலகத்திற்குச் சென்று கேட்டுவிட்டு வருகின்றார். தத்துக்கு ஐந்து வயதிற்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவு தேவை. அதனைக் கேள்வியுற்ற சிறுமி, தன் இசைவை இப்போதே எழுதித் தரலாமா என்று நம்மிடம் தாள் கேட்டாள். கொடுத்தோம். அதில் என்ன எழுதினாள் என்பதைச் சொல்லும் உரிமை நமக்கில்லை. இத்தகைய பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பதனாலேயே இவ்வுரையில் எவர் பெயரையும் ஊரையும் நாம் குறிக்கவில்லை.

1999ஆம் ஆண்டு அண்ணன் தங்கையைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தப் பெண் இன்று ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர். அண்ணனை 2014இல் கண்டுபிடித்தாள். அவர் சரக்குந்தில் சுமை ஏற்றும் தொழிலாளியாக இருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சந்தித்தபோது இருவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் பேருந்து நிலையத்துப் பலகையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்களாம். இருவருக்கும் நினைவிலிருந்த பொதுவான செய்தி அந்தப் பதினொரு வீடுகளின் முறைதான். எந்தக் கிழமை எந்த வீடு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததாம். அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நாம் சிரிக்கவில்லை.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கின்றோம். வெள்ளி விழா நினைவாக மண்டபம் எழுப்புவது பற்றிப் பேச்சு நடக்கின்றது. எழுப்புங்கள், நன்று. அதனோடு ஒரு குறிப்பேட்டையும் வாங்குங்கள். வளர்ப்புப் பராமரிப்பிற்கோ தத்துக்கோ முன்வரும் குடும்பங்களின் பெயரை அதில் எழுதி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு அழைத்துச் சென்று பதிவு செய்ய உதவுங்கள். பாட்டிகளுக்கு நிதி ஆதரவு விண்ணப்பம் நிரப்ப இளைஞர் மூவரை அமர்த்துங்கள். இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் விடுதி பூட்டப்படும். மூட்டை கட்டாமல் திண்ணையில் அமரப் போகும் பிள்ளைகள் இருவர் என்று காப்பாளர் இப்போதே சொல்லியிருக்கின்றார். ஒருவன் எட்டாம் வகுப்பு, மற்றவன் ஆறாம் வகுப்பு, அண்ணன் தம்பி. அவர்கள் செய்தியைக் குழந்தைகள் நலக் குழுவிற்கு எழுதி அனுப்பிவிட்டோம். இருவரையும் ஒன்றாக ஏற்கும் வீடு உண்டா என்று குழு கேட்டிருக்கின்றது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எம் துணைவியார் பெயரையும் எம் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். எம் இருவர் வயதும் கூட்டினால் நூற்று எட்டு. இரண்டாம் வரி காலியாக இருக்கின்றது.